கிறிஸ்தவ உருவகக் கதைகளில் மரணமும் மறுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதை, தாந்தேயின் காவியம், இடைக்கால நாடகங்கள், கனவுக் கவிதைகள் என்று படிக்கத் தொடங்குகிறவர்கள் மரணத்தைப் பற்றி வரும் இடங்களில்தான் அதிகம் நின்று கேள்வி கேட்கிறார்கள். அவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதைகளின் முடிவையும் சொல்ல வேண்டியிருப்பதால், முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நூல்களை முடித்துவிட்டு வாருங்கள்.

உருவகக் கதை என்றால் என்ன? இயேசு சொன்ன உவமைகளும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம். உவமை சிறியது, ஒரு கருத்தை அழுத்திச் சொன்னதும் முடிந்துவிடும். உருவகக் கதையில் ஆள், ஊர், ஆறு, கதவு, சாவி என எல்லாமே வேறொன்றைக் குறிக்கும். கூடவே கதை கதையாகவும் ஓட வேண்டும். பனியனின் கதையில் மோட்ச நகரத்தை நோக்கி நடந்துபோகும் கிறிஸ்தியான், வழியில் சந்தேகக் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறான். தன் மடியிலேயே 'வாக்குத்தத்தம்' என்னும் சாவி இருப்பது பல நாள் கழித்துத்தான் அவனுக்கு நினைவு வருகிறது. சாவி எதைக் குறிக்கிறது என்பது சொல்லாமலே புரியும். ஆனால் கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் இறுகிக் கிடந்து, பெரும்பாடு பட்டுத்தான் திறக்கிறது. வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டவருக்கும் சந்தேகத்தின் கடைசிக் கதவு லேசில் திறக்காது என்பதை அந்த ஒரு பூட்டு சொல்லிவிடுகிறது. நல்ல உருவகக் கதையில் இப்படிச் சின்ன விவரத்துக்கும் வேலை இருக்கும்.

மரணத்துக்கான இந்த அடையாளங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலும் வேதாகமத்திலிருந்து. லாசருவின் சாவை இயேசு நித்திரை என்கிறார். பவுல் உடலைக் கூடாரம் என்கிறார், விதைக்கப்படும் விதை என்கிறார். "கோதுமைமணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக்கொடுக்கும்" என்பது யோவான் 12:24. யோர்தான் நதி, ஆபிரகாமின் மடி, கலியாண விருந்து, பூட்டப்பட்ட கதவு, பொன் வீதியுள்ள நகரம் எல்லாம் அங்கே இருப்பவைதான்.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் இவற்றோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் மீனின் வாயிலிருந்து வெளியே வரும் யோனாவும் நங்கூரமும் புறாவும் நல்ல மேய்ப்பனும் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதப்பட்ட கிளெமெந்தின் கடிதம், செத்து மீண்டும் பிறக்கும் பீனிக்ஸ் பறவையை உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாகக் காட்டுகிறது.

மயிலின் கதை இன்னும் சுவையானது. மயிலின் சதை அழுகாது என்று அக்காலத்தில் நம்பினார்கள். சபைத் தந்தையரில் ஒருவரான அகஸ்டின் அதைச் சோதித்தே பார்த்தார். கார்த்தேஜ் நகரில் சமைத்த மயில் இறைச்சி பரிமாறப்பட்டபோது, மார்புப் பகுதியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். முப்பது நாளுக்கு மேல் கழித்து எடுத்துப் பார்த்தால் நாற்றமில்லை. ஓராண்டு கழித்தும் சற்று உலர்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான் என்று 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பாகத்தில் எழுதியிருக்கிறார். அழியாத உடலுக்கு அடையாளமாக மயில் கல்லறைகளில் இடம்பிடித்தது இந்த நம்பிக்கையினால்தான்.

மரணத்தை ஏன் ஆறாகவே காட்டுகிறார்கள்?

வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு அலைந்த இஸ்ரவேலர் வாக்குப்பண்ணப்பட்ட தேசத்துக்குள் நுழைய யோர்தானைக் கடக்க வேண்டியிருந்தது. யோசுவா 3ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் தண்ணீர் நின்றது. அதற்கு முன்பு நிற்கவில்லை. இந்த வரிசையைக் கவனியுங்கள். காலை வைத்தால்தான் வழி திறக்கும். மரணத்தைப் பற்றி எழுத வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எங்கே கிடைக்கும்?

பனியன் (1628–1688) இதை எடுத்துக்கொண்டு ஒரு மாற்றம் செய்கிறார்: அவருடைய ஆற்றில் தண்ணீர் பிளப்பதே இல்லை. 1678இல் வெளிவந்த முதல் பாகத்தின் முடிவில் கிறிஸ்தியானும் தோழன் நம்பிக்கையும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். பாலம் கிடையாது. வேறு வழி உண்டா என்று கேட்கிறார்கள். சாகாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட ஏனோக்கும் எலியாவும் தவிர வேறு யாரும் அந்த வழியில் போனதில்லை என்று பிரகாசமான உடை தரித்த இருவர் சொல்கிறார்கள். ஆழம் எவ்வளவு என்று கேட்டால், அந்த ஊரின் ராஜாவை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்களோ அதைப் பொறுத்து ஆழமாகவோ ஆழமில்லாமலோ இருக்கும் என்கிறார்கள்.

இறங்கியதும் கிறிஸ்தியான் மூழ்கத் தொடங்குகிறான். இருள் சூழ்கிறது. பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன. அப்பொல்லியோன் என்னும் அரக்கனோடு வாள் பிடித்துச் சண்டையிட்டு வென்றவன் இவன். இப்போது தலை தண்ணீருக்கு மேலே நிற்க முடியாமல் தவிக்கிறான். நம்பிக்கை அவனைத் தாங்கிப் பிடித்து, கால் தரை தட்டுகிறது, தரை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான். கடைசியில் கிறிஸ்தியானுக்கு ஏசாயா 43:2 நினைவு வருகிறது: "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அதன்பின் அவன் காலும் தரையைத் தொடுகிறது.

ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்குத் தரை தட்டுகிறது, மற்றவருக்குத் தட்டவில்லை. மரணப்படுக்கையின் அருகில் அமர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி எவ்வளவு உண்மை என்று தெரியும்.

அப்படியானால் ஆழமான ஆற்றைக் கடப்பவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

இந்தக் கேள்வி பலரை உள்ளூர வாட்டுகிறது. வேதனைப்பட்டும் பயந்தும் இறந்த ஒருவரை நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். முதல் பாகத்தை மட்டும் படித்தால் அப்படித் தோன்றலாம். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே பனியன் ஒருவர் பின் ஒருவராகப் பலரை ஆற்றுக்குள் அனுப்புகிறார். ஒருவருடைய கடப்பு மற்றவருடையதைப் போல இல்லை.

பயந்தவர் என்று ஒருவர் வருகிறார். வாழ்நாள் முழுக்க எதைக் கண்டாலும் நடுங்கியவர். தன்னை ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று ஒவ்வொரு வாசலிலும் தயங்கி நின்றவர். அவர் ஆற்றுக்கு வந்த நேரத்தில், அதற்கு முன் என்றும் இல்லாத அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. பாதம் நனைந்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகாமல் கடந்து போனார். நேர்மையாளர் என்னும் பெரியவர் வந்தபோதோ ஆறு கரைபுரண்டு ஓடியது. நல்மனச்சாட்சி என்பவரை அங்கே சந்திப்பதாக அவர் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவர் கைகொடுத்துக் கடக்க வைத்தார். நிலைநிற்பவர் போனபோது ஆறு அமைதியாக இருந்தது. நடு ஆற்றில் நின்று கரையிலிருந்தவர்களோடு பேசினார். சோர்ந்தவரின் மகள் மிகுபயம் பாடிக்கொண்டே ஆற்றைக் கடந்தாள். அவள் என்ன பாடினாள் என்பது மட்டும் கரையில் நின்ற யாருக்கும் புரியவில்லை.

கோழை ஒருவர் சுலபமாகக் கடக்கிறார், வீரன் மூழ்கப் பார்க்கிறான், நேர்மையானவருக்கு வெள்ளம் வருகிறது. ஆற்றின் ஆழத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பதே என் வாசிப்பு. முதல் பாகத்தில் சொன்ன விதியைப் பனியன் தானே தளர்த்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் அனுப்பப்படுகிறதே, அது என்ன?

ராஜாவின் ஊரிலிருந்து தூதன் கடிதத்தோடு வருகிறான். கடிதம் உண்மையானது என்பதற்கு ஓர் அடையாளமும் தருகிறான். கிறிஸ்தியானின் மனைவிக்கு வந்தது அன்பினால் கூர் தீட்டப்பட்ட அம்பு. அது மெல்ல மெல்ல அவள் இதயத்துக்குள் இறங்கி, குறித்த நேரத்தில் அவள் புறப்பட்டே ஆகவேண்டிய நிலைக்குக் கொண்டுவருகிறது. நீண்ட நாள் நோயை இதைவிட மென்மையாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை. சத்தியத்துக்காகப் போராடியவருக்கு வந்தது, அவருடைய குடம் ஊற்றண்டையில் உடைந்தது என்ற செய்தி; பிரசங்கி 12ஆம் அதிகாரத்தில் முதுமையையும் சாவையும் பற்றி வரும் வரி அது.

அவர்கள் விட்டுச்செல்வதையும் பாருங்கள். ஊன்றுகோலோடு நடந்தவர் ஊன்றுகோல்களை மகனுக்குக் கொடுக்கிறார். பலவீன மனத்தார் தன் பலவீனத்தை யாருக்கும் கொடுக்க விரும்பாமல் குப்பைமேட்டில் புதைக்கச் சொல்கிறார். போராடியவர் வாளைத் தனக்குப் பின் வருகிறவருக்குக் கொடுத்துவிட்டு, காயத் தழும்புகளை மட்டும் தன்னோடு கொண்டுபோகிறார். பட்ட காயம் மறுகரைக்கும் கூட வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையிலும் ஆணித்தழும்பு இருந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உண்மை என்னும் தோழன் ஆற்றைக் கடக்கவே இல்லையே? இது முரண்பாடு இல்லையா?

வழியில் வரும் மாயச் சந்தை என்னும் இடத்தில் அவனை எரித்துக் கொன்றுவிடுகிறார்கள். கூட்டத்தின் பின்னால் காத்திருந்த ரதம் அவனை மேகங்களின் ஊடே நேரே மோட்ச வாசலுக்கு ஏற்றிச்செல்கிறது. அவன் சாகாமல் போகவில்லை. அவனுடைய ஆறு நெருப்பாக வந்தது, அவ்வளவுதான். எலியாவுக்கு வந்த ரதத்தையே இரத்தசாட்சிக்கும் அனுப்புகிறார் பனியன். மனச்சாட்சிக்காகச் சிறை புகுந்தவர் அவர். 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். அந்த மரியாதையை உணர்ந்தே எழுதியிருக்கிறார்.

மரண இருளின் பள்ளத்தாக்கு மரணத்தைத்தானே குறிக்கிறது?

இல்லை. "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்ற 23ஆம் சங்கீதத்திலிருந்து வந்த இடம்தான். ஆனால் கதையில் அது பாதி வழியிலேயே வந்துவிடுகிறது. உயிரோடு இருக்கும்போதே அனுபவிக்கும் இருள் அது. ஆறுதான் மரணம்.

எலும்புக்கூடாக வரும் மரணம்? அதுவும் கிறிஸ்தவ அடையாளமா?

வெளிப்படுத்தின விசேஷம் 6:8இல் மங்கின நிறமுள்ள குதிரைமேல் மரணம் வருகிறது, பாதாளம் பின்னால் வருகிறது. ஆனால் எலும்புக்கூட்டு உருவத்தைப் பிரபலமாக்கியது 'சாவின் நடனம்' என்னும் ஓவிய மரபு. பாரிஸ் நகரின் மாசற்ற குழந்தைகள் கல்லறைத் தோட்டச் சுவரில் 1424–25இல் வரையப்பட்டது அதில் புகழ்பெற்றது. போப்பாண்டவர் தொடங்கிக் குழந்தை வரை ஒவ்வொருவரையும் ஒரு பிணம் கைபிடித்து இழுத்துச் செல்லும். ஐரோப்பாவில் 1347 முதல் பரவிய கொள்ளைநோயின் நினைவு அந்த மரபின் பின்னால் இருக்கிறது.

1538இல் லியோன் நகரில் ஓவியர் ஹோல்பைனின் மரச்செதுக்குப் படங்கள் நூலாக வெளிவந்தன. அதில் பிரபுக்களையும் குருமாரையும் மரணம் படுத்தும் பாடு கொடுமையானது. உழவனின் படம் மட்டும் வேறு மாதிரி. கிழவன் ஏர் பிடிக்கிறான். மரணம் பக்கத்தில் ஓடிக் குதிரைகளை ஓட்டுகிறது. தூரத்தில் கோயிலுக்கு மேல் சூரியன். உழவனுக்கு மட்டும் மரணம் வேலையில் கைகொடுப்பது போல இருக்கிறது.

சாகும்போது கூட வருவது எது என்று கேட்கும் நாடகம் ஒன்று உண்டாமே?

'எவ்ரிமேன்' என்ற ஆங்கில நாடகம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. 'எல்கர்லைக்' என்ற டச்சு நாடகத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. கடவுள் மரணத்தை அனுப்பி, ஒரு மனிதனைக் கணக்குப் புத்தகத்தோடு வரச்சொல்கிறார். ஆயிரம் பவுன் தருகிறேன், இன்னொரு நாள் வா என்கிறான் அவன். மரணம் மசியவில்லை. துணைக்கு ஆள் தேடிப் போகிறான். உயிரைக் கொடுப்பேன் என்ற நண்பன் நழுவுகிறான். உறவுக்காரன் ஒருவன் கால்விரலில் சுளுக்கு என்கிறான். பெட்டிகளில் பூட்டிக் கிடக்கும் செல்வத்தால் அசையவே முடியவில்லை.

நற்செயல் மட்டும் வரத் தயாராக இருக்கிறது. ஆனால் இவனுடைய பாவங்கள் அழுத்தியதால் எழுந்து நிற்கத் திராணியில்லாமல் தரையில் கிடக்கிறது. குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகுதான் அதற்குக் காலில் பலம் வருகிறது. கல்லறை வாயிலில் அழகு, வலிமை, விவேகம், ஐம்புலன் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போகின்றன. புலன்களும் அழகும் விட்டுப்போகும் வரிசை முதுமையில் நடப்பதுதான். அதனால்தான் இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் காட்சி மேடையில் எடுபடுகிறது.

தாந்தேயின் நரகத்தில் ஏன் அடியாழத்தில் நெருப்பு இல்லை, பனிக்கட்டி இருக்கிறது?

இத்தாலியக் கவிஞர் தாந்தே (1265–1321), தானே மறுமையில் பயணம் போவதாகப் பாடிய காவியத்தின் நரகத்தில் நெருப்பும் உண்டு. ஆனால் ஒன்பது வட்டங்களின் அடியில், துரோகிகளுக்கான இடத்தில், உறைந்த ஏரி இருக்கிறது. நடுவில் சாத்தானாகிய லூசிபர் மார்பின் நடுவரை பனியில் புதைந்து நிற்கிறான். ஆறு சிறகுகளை அடித்துக்கொண்டே இருக்கிறான். அந்தச் சிறகடிப்பில் எழும் காற்றுதான் ஏரியை உறைய வைக்கிறது. தப்பிக்க அடிக்கும் சிறகே அவனுக்குச் சிறை. கடவுளின் அன்பிலிருந்து மிகவும் தள்ளிப்போன இடம் மிகவும் குளிர்ந்த இடமாக இருப்பது இயல்பு.

தாந்தேயின் தண்டனைகள் எல்லாமே இப்படிப்பட்டவை. வாழ்க்கையில் ஆசைக் காற்று இழுத்த பக்கமெல்லாம் போன காதலர்கள் அங்கே புயலில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். எந்தப் பக்கமும் சேராமல் வாழ்ந்தவர்கள் ஒரு கொடியின் பின்னால் ஓயாமல் ஓடுகிறார்கள். தந்தையிடமிருந்து மகனைப் பிரித்த கவிஞர் பெர்த்ரான் டி போர்ன், உடலிலிருந்து பிரிந்த தன் தலையை விளக்குப் போலக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வெளியிலிருந்து ஒரு நீதிபதி கொண்டுவந்து சுமத்திய தண்டனைகள் என்று இவற்றைப் படித்தால் தாந்தே கொடூரமானவராகத் தெரிவார். பாவம் தன் சொந்த முகத்தோடு நிற்கிறது என்று படியுங்கள். ஒருவர் உயிரோடிருக்கையில் எப்படிப்பட்டவராக ஆகிக்கொண்டிருந்தாரோ அதைச் சாவு வெளியே கொண்டுவருகிறது. இந்த வகைக் கதைகளில் மறுமையைப் பற்றிப் படிப்பதெல்லாம் இம்மையைப் பற்றிய படிப்பு என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் தாந்தேதான்.

உத்தரிப்பு ஸ்தலம் ஏன் சில நூல்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை?

மோட்சம் சேருமுன் ஆத்துமாக்கள் பாவக்கறை நீங்கித் தூய்மையாகும் இடம் அது. கத்தோலிக்கத் திருச்சபை அதைப் போதிக்கிறது. சீர்திருத்த சபைகள் ஏற்பதில்லை. அதனால் தாந்தேயில் உண்டு, சீர்திருத்தத்தில் தீவிரமான பியூரிட்டன் பிரிவினரான பனியனில் இல்லை. எந்தச் சபையாராக இருந்தாலும் தாந்தேயின் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பேன். நரகம், உத்தரிப்பு ஸ்தலம், பரதீசு என்னும் மூன்று பகுதிகளில் அதுதான் மனிதர்களுக்கு மிக நெருங்கியது.

அது ஒரு மலை. ஏழு அடுக்குகள், ஏழு தலையான பாவங்கள். வாசலில் நிற்கும் தேவதூதன் தாந்தேயின் நெற்றியில் ஏழு குறிகளைக் கீறுகிறான். ஒவ்வோர் அடுக்கு ஏறியதும் ஒன்று அழிகிறது. கர்வப்பட்டவர்கள் பாறைகளைச் சுமந்து குனிந்து நடக்கிறார்கள். பொறாமைப்பட்டவர்களின் கண்ணிமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கின்றன. வேதனை நரகத்தைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் பாடுகிறார்கள். நரகத்தில் பாட்டே கிடையாது.

இங்கே வந்து சேரும் ஆத்துமாக்கள் படகில் வரும்போது பாடுவது இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதைச் சொல்லும் 114ஆம் சங்கீதம். தாந்தேயின் பெயரில் வழங்கும் ஒரு கடிதம், ஒரே வசனத்தை நான்கு நிலையில் படிப்பது எப்படி என்று விளக்க இதே சங்கீதத்தை எடுத்துக்கொள்கிறது. சரித்திரப்படி அது மோசே காலத்துப் பயணம். உருவகப்படி கிறிஸ்துவினால் வரும் மீட்பு. ஒழுக்கப்படி பாவத்திலிருந்து கிருபைக்குத் திரும்புதல். நான்காவது நிலையில், ஆத்துமா அழிவின் அடிமைத்தனத்தை விட்டு நித்திய மகிமைக்குப் போகும் பயணம். செத்தவர்கள் படகில் உட்கார்ந்து அந்த நான்காவது பொருளையே பாடிக்கொண்டு வருகிறார்கள்.

இதே பகுதியின் ஐந்தாம் காண்டத்தில் போன்கோன்தே என்னும் போர்வீரனைச் சந்திக்கிறோம். தொண்டையில் காயம்பட்டு, மரியாளின் பெயரைச் சொல்லிச் செத்தவன். அவனை ஒரு தேவதூதன் எடுத்துக்கொள்ள, பேய் கத்துகிறது: ஒரு சின்னக் கண்ணீர்த்துளிக்காக இவனை என்னிடமிருந்து பறிக்கிறாயே! அவன் அப்பா கீதோ நரகத்தில் இருக்கிறார். வாழ்நாளின் இறுதியில் துறவி உடை தரித்தும், முன்கூட்டியே கிடைத்த பாவமன்னிப்பை நம்பி ஒரு வஞ்சக ஆலோசனை சொன்னவர். அப்பாவுக்காகச் சண்டையிட்டுப் பேய் ஜெயித்தது, மகனுக்காகச் சண்டையிட்டுத் தோற்றது. இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் படித்தால் தாந்தே எதைப் பெரிதாக நினைத்தார் என்று விளங்கும்.

மோட்சத்தின் வாசலிலிருந்தே நரகத்துக்கு வழி உண்டு என்று பனியன் எழுதியிருக்கிறாரா?

ஆம், முதல் பாகத்தின் கடைசியில். அறிவீனன் என்பவன் ஆற்றங்கரைக்கு வருகிறான். வீண்நம்பிக்கை என்னும் படகோட்டி அவனைச் சிரமமே இல்லாமல் அக்கரை சேர்க்கிறான். வாசலில் அத்தாட்சிச் சீட்டைக் கேட்கிறார்கள். மடியில் தடவிப் பார்க்கிறான், இல்லை. கைகாலைக் கட்டி, மலையின் பக்கவாட்டில் உள்ள கதவு வழியாகத் தள்ளிவிடுகிறார்கள்.

இந்தக் காட்சி கடுமையானது. எனக்கு இது பிடித்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றைப் பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கிறிஸ்தியான் மூழ்கி எழுந்து சேர்ந்தான். அறிவீனன் கால்கூட நனையாமல் சேர்ந்தான். சுலபமான சாவு நல்ல சாவுக்கு அத்தாட்சி ஆகாது என்பதும் பனியனின் கருத்துத்தான்.

மோட்சம் ஏன் தோட்டமாக இல்லாமல் நகரமாக இருக்கிறது?

வேதாகமம் தோட்டத்தில் தொடங்கி நகரத்தில் முடிகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21, 22ஆம் அதிகாரங்களின் புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் ஒரே முத்து. இரவு இல்லாததால் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. ஏதேனில் இழந்த ஜீவவிருட்சம் நகரத்துக்குள்ளேயே நிற்கிறது. ஆக, தோட்டமும் போய்விடவில்லை. நகரம் என்றால் பலர் சேர்ந்து வாழும் இடம். தனித்தனி ஆத்துமாவின் இன்பத்தைவிடச் சேர்ந்திருத்தலை முன்னால் வைக்கிறது அந்தப் படம். "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்கிறது வசனம். பிரிக்கிற நீர் அங்கே இல்லை. ஜீவத்தண்ணீர் ஓடும் நதி மட்டும் உண்டு.

மோட்சம் ஆவிபோன்ற மெல்லிய இடம் என்ற எண்ணத்தை, நார்னியா என்னும் கற்பனை உலகக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1945இல் வெளியிட்ட மறுமைக் கனவுக் கதை தலைகீழாக்கியது. அதில் நரகத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்கள்தான் நிழல்கள். மோட்சத்தின் புல் அவர்கள் பாதத்துக்கு அடியில் வளையவே வளையாது, நடந்தால் குத்துகிறது. ஒரு சின்னப் பூவைக்கூடக் கிள்ள முடியவில்லை.

தாந்தேயின் பரதீசில் எனக்குப் பிடித்தது சந்திர மண்டலத்தில் வரும் பிக்கார்தா என்னும் பெண். இதைவிட உயர்ந்த இடம் வேண்டாமா என்று கேட்டால் புன்னகைத்து, கடவுளுடைய சித்தத்தில்தான் எங்கள் சமாதானம் என்கிறாள்.

குழந்தையை இழந்தவர்களுக்கு இந்த மரபில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் 'முத்து' என்னும் ஆங்கிலக் கவிதை. எழுதியவர் பெயர் தெரியாது. தோட்டத்தில் முத்தைத் தொலைத்த ஒருவன் அந்த மண்மேட்டிலேயே உறங்கிப்போகிறான். கனவில் ஒரு நதிக்கு அக்கரையில் முத்தணிந்த இளம்பெண் நிற்கிறாள். இரண்டு வயதுகூட நிரம்பாமல் இறந்துபோன அவன் மகள் என்றே பெரும்பாலான வாசகர்கள் கொள்கிறார்கள். ஜெபம்கூடக் கற்றிராத குழந்தையை முதல் நாளிலேயே ராணியாக்குவது நியாயமா என்று அவன் வாதாடுகிறான்! அவள், கடைசியில் வந்தவருக்கும் முழுக் கூலி கிடைக்கும் திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையைச் சொல்லிப் பதில் தருகிறாள். துக்கத்தில் இருப்பவன் அர்த்தமில்லாமல் வாதாடுவதை அந்தக் கவிஞர் கடிந்துகொள்ளாமல் அப்படியே விட்டிருக்கிறார்.

கவிதை 101 பாடல்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி, மொத்தம் 1212 அடிகள். புதிய எருசலேமின் பன்னிரண்டு வாசல்கள் அமைப்பிலேயே இருக்கின்றன. முடிவில் நகரத்தையும் ஊர்வலத்தையும் கண்டவன் தாங்கமாட்டாமல் ஆற்றில் பாயப்போகிறான், கனவு கலைந்துவிடுகிறது. அவன் நேரம் இன்னும் வரவில்லை. துக்கத்தில் இருப்பவருக்குப் பனியனைக் கொடுப்பதற்கு முன் இதைக் கொடுப்பேன். உடனே ஆறுதல் அடைய வேண்டும் என்று இது யாரையும் வற்புறுத்துவதில்லை.

தமிழில் இப்படி ஒரு காப்பியம் உண்டா?

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பாடிய இரட்சணிய யாத்திரிகம். பனியனின் கதையைத் தழுவியது. ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். நற்போதகம் இதழில் தொடராக வந்து 1894இல் நூலானது. தழுவல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பனியனில் சிலுவை, கிறிஸ்தியானின் சுமை கழன்று விழும் இடமாகச் சில வரிகளில் வந்துபோகும். கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் விரித்துப் பாடுகிறார். அதனால் யாத்திரிகன் ஆற்றுக்கு வரும்போது, அந்தச் சாவை முன்பே ஒருவர் செத்திருக்கிறார் என்பது படிக்கிறவர் மனதில் இருக்கிறது. காப்பிய அமைப்பில் இது பெரிய சிந்தனை.

நார்னியா கதைகளும் உருவகக் கதைகள்தானே?

லூயிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி ஓர் உலகம் இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை அது என்றார். அஸ்லான் என்னும் சிங்கம் எதையும் 'குறிப்பதில்லை'. அந்த உலகில் அஸ்லானே கிறிஸ்து.

இதையெல்லாம் மறுமையின் உண்மையான வரைபடமாக நம்பலாமா?

எழுதியவர்களே அப்படிக் கேட்கவில்லை. கனவின் மேற்தோற்றத்தோடு விளையாடிக்கொண்டு நின்றுவிடாமல் திரைக்குள்ளே பாருங்கள் என்று முதல் பாகத்தின் முடிவில் பனியன் பாடலாகவே எச்சரிக்கிறார். உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும் கிறிஸ்தவ விசுவாசத்தின் பகுதிகள். ஏழு அடுக்கு மலையும் உறைந்த ஏரியும் கவிஞர்கள் கட்டியவை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பனியனின் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தையும் இரண்டாம் பாகத்தின் இறுதிப் பக்கங்களையும் ஒரே அமர்வில் படியுங்கள். ஒன்று மற்றதற்கு விளக்கம். பனியனின் நூல் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழிலேயே கிடைக்கிறது. எவ்ரிமேன் நாடகம் சிறியது, ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். தாந்தேயைத் தொடுகிறவர்கள் நரகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரிய வெள்ளியன்று மாலை நரகத்துக்குள் இறங்கியவர், ஈஸ்டர் ஞாயிறு விடியும் முன்தான் உத்தரிப்பு மலையின் அடிவாரத்தில் வெளியே வருகிறார். அந்த விடியலையாவது படித்துவிட்டு நிறுத்துங்கள்.